மூலக்கூறு அடுக்கில் டிரான்சிஸ்டர்: 2001இல் வந்த பொய்யும் 2004இல் வந்த மெய்யும்

கரிம மின்னணுவியலில் (கார்பன் சேர்மங்களால் மின்னணுக் கருவிகள் செய்யும் துறையில்) ஆய்வுக்கு வரும் மாணவர்கள், பெல் ஆய்வகம் 2001இல் அறிவித்துப் பின்னர் பொய்யென்று தெரிந்த மூலக்கூறு டிரான்சிஸ்டரின் கதையை என்றாவது ஒருநாள் கேள்விப்படுகிறார்கள். பெரும்பாலும் "ஒருவர் தரவுகளைப் புனைந்தார், அகப்பட்டுக்கொண்டார்" என்று இரண்டு வரியில் கதை முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு வரிக்குள் அடங்காதது நிறைய. எந்தக் கட்டத்தில் யார் என்ன கேட்டிருக்கலாம், ஏன் கேட்கவில்லை, பொய்யான சாதனம் விழுந்த அதே துறையில் மெய்யான சாதனம் எப்படி எழுந்தது என்பதை வரிசையாகப் பார்க்கவே இதை எழுதுகிறேன். விசாரணைக் குழுவின் அறிக்கை 2002 முதல் எவரும் படிக்கக்கூடிய ஆவணம். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. இங்கே பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நடந்ததைப் புரிந்துகொள்ள அவை தேவைப்படவில்லை.

பின்னணி: 20 வோல்ட் தடை

சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்யக் கொதிக்கும் உலை வேண்டும். பென்டசீன் போன்ற கரிமக் குறைகடத்தியைக் கண்ணாடியின் மீதோ பிளாஸ்டிக் தாளின் மீதோ குறைந்த வெப்பத்திலேயே படியவைத்துவிடலாம். வளைகிற திரை, பொட்டலத்தில் ஒட்டும் மின்னணு அடையாள அட்டை, பெரிய பரப்பில் விரிக்கும் உணரிகள் என்று பல கனவுகள் இதனால் பிறந்தன. குறுக்கே நின்றது மின்னழுத்தம்.

டிரான்சிஸ்டரில் மூன்று முனைகள். சோர்ஸிலிருந்து டிரெயினுக்கு மின்னோட்டம் பாய்கிறது. அதைத் திறப்பதும் அடைப்பதும் கேட் என்னும் மூன்றாவது முனையின் வேலை. கேட்டுக்கும் குறைகடத்திக்கும் நடுவே மின்காப்புப் படலம் ஒன்று இருக்கும். கேட்டில் கொடுக்கும் மின்னழுத்தம் அந்தப் படலத்துக்கு அப்பாலிருந்துதான் குறைகடத்தியில் மின்னூட்டத்தைத் திரட்ட வேண்டும். படலம் தடித்தால் கேட்டின் பிடி தளரும். மெலிந்தால் மின்னோட்டம் அதன் ஊடே கசியும். கசிவுக்கு அஞ்சி அன்றைய கரிம டிரான்சிஸ்டர்களில் 100 நானோமீட்டருக்கும் மேல் தடித்த படலம் வைத்தார்கள். விளைவு, அவற்றை இயக்கப் பல நேரங்களில் 20 வோல்ட்டுக்கு மேல் தேவைப்பட்டது. 1.5 வோல்ட் பேட்டரியில் ஓட வேண்டிய ஒரு பொருளுக்கு இது கட்டுப்படியாகாது.

இந்த இடத்தில்தான் தானாக அமையும் மூலக்கூறு அடுக்கு வருகிறது. நீண்ட சங்கிலி போன்ற ஒரு மூலக்கூறு. அதன் ஒரு முனை பரப்பைப் பற்றிக்கொள்ளும். கந்தக முனை தங்கத்தைப் பிடிக்கும், சிலேன் முனை கண்ணாடியையும் சிலிக்கான் ஆக்சைடையும் பிடிக்கும். கரைசலில் தகட்டை மூழ்கவைத்தால் போதும். நடவு முடிந்த வயலில் நாற்றுகள் நிற்பதுபோல மூலக்கூறுகள் நெருங்கி நிமிர்ந்து நின்றுவிடும். நடுகிறவர் யாரும் இல்லை. உயரம் இரண்டு, மூன்று நானோமீட்டர்.

இந்த அடுக்கை வைத்து இரண்டு விதமாகக் கனவு காணலாம். அடக்கமான கனவு: தடித்த படலத்துக்குப் பதில் இந்த மெல்லிய அடுக்கையே மின்காப்பாக வைத்து, மின்னழுத்தத்தைக் குறைப்பது. பெரிய கனவு: மின்னோட்டத்தை மூலக்கூறின் வழியாகவே செலுத்தி, அடுக்கையே டிரான்சிஸ்டராக்குவது. ஒற்றை மூலக்கூறு ஒரு மின்னணுக் கருவியாக வேலை செய்யலாம் என்று 1974இலேயே ஒரு கோட்பாட்டுக் கட்டுரை சொல்லியிருந்தது. நம் நிகழ்வு இந்தப் பெரிய கனவிலிருந்து தொடங்குகிறது.

ஆய்வகமும் ஆளும்

1947இல் டிரான்சிஸ்டர் பிறந்த இடம் அமெரிக்காவின் நியூஜெர்சியிலுள்ள பெல் ஆய்வகம். நூற்றாண்டின் முடிவில் அது லூசென்ட் நிறுவனத்தின் கையில் இருந்தது. நிறுவனம் நிதி நெருக்கடியில் சிக்கி ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இளம் இயற்பியலாளர் ஒருவர் அங்கே ஒரு மூத்த இயற்பியலாளரின் குழுவில் சேர்ந்தார். கரிமப் படிகங்களின் மீது கேட் வைத்து மின்னூட்டம் ஏற்றி, அவற்றை மீக்கடத்திகளாக்கியதாகவும் (மின்தடையே இல்லாதவையாக மாற்றியதாகவும்), கரிம லேசர் செய்ததாகவும் கட்டுரைகள் வரத் தொடங்கின. 2001இல் சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு கட்டுரை அவர் பெயரில் வெளியானது. பரிசுகள் குவிந்தன.

எட்டு நாளைக்கு ஒன்று என்பதை ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள் ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒரு தகட்டைச் சுத்தம் செய்து, படலம் படியவைத்து, மின்முனை வைத்து, அளந்து, அது குறுக்குச்சுற்றாகிப் போய், மறுபடி தொடங்கி, ஒழுங்கான ஒரு வளைவு கிடைப்பதற்கே வாரக்கணக்காகும். அந்த வேகத்தை எல்லோரும் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் அமைதியானவர், பணிவானவர், யார் கேட்டாலும் வளைவுகளைக் கொண்டுவந்து தருபவர் என்று உடனிருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சந்தேகிக்க மனம் வராததற்கு அந்தக் குணமும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

2001 அக்டோபர்: அறிவிக்கப்பட்டது என்ன

2001 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் மூன்று ஆசிரியர்களின் கட்டுரை ஒன்று வந்தது. இரு முனையிலும் கந்தகம் கொண்ட மூலக்கூறுகளைத் தங்கத்தின் மீது அடுக்காக அமைத்து, மேலே இன்னொரு தங்கப் படலம் வைத்து, பக்கவாட்டில் சிலிக்கான் கேட் ஒன்றால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியதாக அது சொன்னது. சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் இடைவெளி ஒரு மூலக்கூறின் நீளம் மட்டுமே. கேட்டின் கட்டளைக்கு மின்னோட்டம் பல ஆயிரம் மடங்கு ஏறி இறங்கியது. இரண்டு டிரான்சிஸ்டர்களை இணைத்துத் தலைகீழாக்கும் தர்க்கச் சுற்றும் (1 வந்தால் 0, 0 வந்தால் 1 தருவது) செய்து காட்டியதாக எழுதியிருந்தார்கள்.

டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் அடுத்த கட்டுரை. இம்முறை கடத்தும் மூலக்கூறுகளைக் கடத்தாத மூலக்கூறுகளோடு கலந்து நீர்க்கச் செய்து, கடைசியில் ஒரே ஒரு மூலக்கூறின் மின்னோட்டத்தைக் கேட்டினால் கட்டுப்படுத்தியதாக அறிவிப்பு. சிலிக்கானின் சிறிதாகும் பயணம் முடியும் இடத்துக்கு அப்பால் ஒரு கதவு திறந்துவிட்டதென்று செய்தித்தாள்கள் கொண்டாடின.

மூலக்கூறுகளைச் செய்து கொடுத்தவர் வேதியியல் தெரிந்த சக ஆய்வாளர். சாதனம் செய்ததும் அளந்ததும் வரைபடம் வரைந்ததும் அந்த இளம் ஆய்வாளர் ஒருவரே. இதை இங்கேயே குறித்துவைக்கிறேன். விசாரணையில் திரும்பி வரும்.

அப்போதே கண்ணில் படக்கூடியவை

இரண்டு விஷயங்கள் கட்டுரையைப் படிக்கும்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

முதலாவது நிலைமின்னியல். கேட் ஒரு டிரான்சிஸ்டரை ஆள வேண்டுமானால், அதன் மின்காப்புப் படலம் சோர்ஸ்–டிரெயின் இடைவெளியைவிட நன்றாகவே மெல்லியதாக இருக்க வேண்டும். இங்கே இடைவெளி ஒரு மூலக்கூறு. படலமோ அதைப்போலப் பல மடங்கு தடிமன். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து இருக்கிறது என்று வையுங்கள். தெருவின் எதிர்ப்பக்கம் ஏற்றிய விளக்கு அந்தச் சந்தின் உட்பகுதிவரை எட்டாது. சோர்ஸும் டிரெயினும் இரண்டு உலோகச் சுவர்கள். கேட்டின் மின்புலத்தை அவையே மறைத்துவிடும். பல ஆயிரம் மடங்கு மாற்றம் எப்படி வந்தது என்பதற்குக் கட்டுரையில் தெளிவான விடை இல்லை. கோட்பாட்டாளர்கள் இதைக் கேட்கவும் செய்தார்கள். ஆனால் "சோதனை வேலை செய்கிறதே, நம் கோட்பாட்டில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது" என்ற எண்ணம் வென்றது. இயற்பியலில் இந்த எண்ணம் பலமுறை சரியாகவே இருந்திருக்கிறது என்பதால் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, கைத்தொழில் சார்ந்தது. மூலக்கூறு அடுக்கின் மீது தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்தால், தங்க அணுக்கள் இடுக்குகளில் புகுந்து அடியிலுள்ள தங்கத்தைத் தொட்டுவிடும். அதுதான் குறுக்குச்சுற்று. இந்தத் துறையில் கை வைத்த எல்லோரும் இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பத்துச் சாதனம் செய்தால் எத்தனை பிழைத்தன என்பதுதான் எந்தத் தொழில் தெரிந்தவரும் முதலில் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு முன்னால் வைக்கக்கூடிய கெட்டுப்போன சாதனங்களின் வரிசையை யாரும் பார்க்கவில்லை.

இதற்கிடையே பல நாடுகளின் ஆய்வகங்கள் இந்த முடிவுகளைத் திரும்பச் செய்து பார்க்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தன. தோல்வியை அவர்கள் தங்கள் கை போதாமையாக எடுத்துக்கொண்டார்கள். முனைவர் பட்ட மாணவர்கள் பலருக்கு அந்த ஆண்டுகள் திரும்பி வரப்போவதில்லை. இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

2002 வசந்தம்: ஒரே இரைச்சல்

உடைந்த இடம் மிகச் சிறியது. பெல் ஆய்வகத்துக்குள்ளேயே சிலர், வெவ்வேறு கட்டுரைகளிலிருந்த இரண்டு வரைபடங்கள் ஒன்றுபோல இருப்பதைக் கவனித்தார்கள். செய்தி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஒருவருக்குப் போனது. அவர் எடுத்துப் பார்த்தபோது, மிகவும் வேறுபட்ட வெப்பநிலைகளில் செய்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு சோதனைகளின் வளைவுகளில் இரைச்சல் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் இன்னொரு பேராசிரியர் தேடி, அதே இரைச்சலை மூன்றாவது கட்டுரையிலும் கண்டுபிடித்தார்.

இரைச்சல் என்று நாம் சொல்வது அளவீட்டின் சின்னச் சின்ன நடுக்கங்களை. கம்பி அதிர்வது, எலக்ட்ரான்களின் வெப்ப ஆட்டம், பக்கத்து அறையில் ஓடும் இயந்திரம் எல்லாம் சேர்ந்து வளைவின் மீது தெளிக்கும் புள்ளிகள். இரண்டு முற்றங்களில் ஒரே மழை பெய்யலாம். துளிகள் ஒரே இடங்களில் விழ வழியில்லை. இரண்டு சாதனங்களின் பொதுப்போக்கு ஒத்துப்போவது மகிழ்ச்சி. நடுக்கங்களும் ஒத்துப்போனால் சாதனம் ஒன்றுதான், அல்லது சாதனமே இல்லை.

ஓர் இதழின் ஆசிரியர்கள் விளக்கம் கேட்டபோது, தவறுதலாக ஒரே வரைபடத்தை இருமுறை அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அப்படி நேர்வது உண்டுதான். மூன்றாவது வரைபடம் கிடைத்தபின் அந்த விளக்கம் நிற்கவில்லை. பேராசிரியர்கள் இருவரும் 2002 மே மாதத்தில் இதழ்களுக்கும் ஆய்வக நிர்வாகத்துக்கும் சம்பந்தப்பட்ட ஆசிரியர்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிவித்தார்கள். ஒருவரிடம் மட்டும் சொல்லியிருந்தால் விஷயம் அவர் மேசையிலேயே தங்கியிருக்கலாம். எல்லோருக்கும் ஒன்றாகச் சொன்னது நல்ல முடிவு என்றே கருதுகிறேன்.

விசாரணை: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெல் ஆய்வகம் அதே மாதம் ஐவர் குழுவை அமைத்தது. தலைவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். உறுப்பினர்களில் ஒருவர் 2000ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். பெரும்பான்மையினர் வெளியாட்கள். வீட்டு வழக்கை வீட்டாரே தீர்த்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதை நிர்வாகம் உணர்ந்திருந்தது. அறிக்கையை முழுமையாக வெளியிட்டதும் அதே காரணத்தால்தான்.

குழு தன் வேலையைத் தெளிவாக வரையறுத்துக்கொண்டது. ஆய்வு முறைகேடு என்றால் என்ன என்பதற்கு அமெரிக்க அரசு 2000இல் வகுத்த வரையறையை எடுத்துக்கொண்டது. வந்த புகார்களை 24 குற்றச்சாட்டுகளாகத் தொகுத்து மூன்று வகையில் அடக்கியது: ஒரு சோதனையின் தரவை இன்னொன்றுக்கு வைப்பது, நம்பமுடியாத அளவுக்குத் துல்லியமான தரவு, தெரிந்த இயற்பியலுக்கு முரணான முடிவு.

பிறகு மூலத் தரவைக் கேட்டது. அந்த இடத்தில்தான் தரை நழுவியது. ஒழுங்கான ஆய்வுக் குறிப்பேடு இல்லை. கணினியில் இருந்த மூலக் கோப்புகள் அனேகமாக எல்லாமே அழிக்கப்பட்டிருந்தன. பழைய கணினியில் இடம் போதவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். வேலை செய்யும் சாதனம் ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்றால், அளக்கும்போது கெட்டவை, அனுப்பும்போது உடைந்தவை, தூக்கி எறிந்தவை போக எதுவும் இல்லை. கேட்டுக்கு மின்காப்பாக வைத்த வியக்கத்தக்க ஆக்சைடுப் படலங்களைத் தந்ததாகச் சொல்லப்பட்ட கருவியும் அதே தரத்தை மறுபடி தரவில்லை.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு 'அப்சர்வேஷன் நோட்டு' நினைவிருக்கும். அளந்த எண்ணை அங்கேயே எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்காமல் 'ரெக்கார்டு நோட்டு' பக்கம் போக முடியாது. பதினேழு வயது மாணவரிடம் நாம் கேட்பதை, உலகின் முதல்தர ஆய்வகம் ஒன்று தன் நட்சத்திர ஆய்வாளரிடம் கேட்கவில்லை.

இணை ஆசிரியர்களிடமும் குழு பேசியது. மூலப்பொருள்களைக் கொடுத்ததைத் தவிர, சாதனம் செய்ததையும் அளந்ததையும் தரவைப் பதப்படுத்தியதையும் அனேகமாக ஒருவரே செய்திருந்தார். முக்கியமான முடிவுகளில் ஒன்றையாவது அளக்கும்போது அருகில் நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

2002 செப்டம்பர் 25: அறிக்கை

24 குற்றச்சாட்டுகளில் குறைந்தது 16இல் முறைகேடு நடந்தது என்று குழு முடிவு செய்தது. இரண்டுக்குக் கட்டுரைகளோடு தெளிவான தொடர்பு இல்லை. மீதி ஆறு கவலை தருபவை, ஆனால் சான்று போதவில்லை என்று விட்டுவிட்டது. பதினாறில் நிறுத்திக்கொண்ட இந்த நிதானமே அறிக்கைக்கு எடை சேர்க்கிறது.

முழுத் தரவுத் தொகுதிகள் வெவ்வேறு சோதனைகளின் பெயரில் மறுபடி மறுபடி வந்திருந்தன. அளந்து வரைந்ததாகச் சொன்ன சில வளைவுகள் கணிதச் சார்புகளால் வரையப்பட்டவை. இளம் ஆய்வாளர் தரவில் தவறுகள் செய்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த விளைவுகளைத் தான் உண்மையில் கண்டதாகவே கடைசிவரை சொன்னார். அன்றே பணிநீக்கம் செய்யப்பட்டார்.

இணை ஆசிரியர்கள் எவரும் முறைகேட்டில் ஈடுபடவில்லை என்று குழு அறிவித்தது. ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. பெயர் போட்டுக்கொள்ளும் ஒருவர் உள்ளே இருக்கும் தரவுக்கு எவ்வளவு பொறுப்பு என்பதில் அறிவியல் சமூகத்திடமே ஒருமித்த கருத்து இல்லை என்றும், இவ்வளவு அசாதாரணமான முடிவுகளை மூத்த ஆய்வாளர் இன்னும் கறாராகத் துருவியிருக்க வேண்டாமா என்பது நியாயமான கேள்வி என்றும் எழுதியது.

தொடர்ந்தவை

'சயன்ஸ்' 2002 இலையுதிர்காலத்தில் எட்டுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 'நேச்சர்' 2003 மார்ச்சில் ஏழு. மூலக்கூறு அடுக்கு டிரான்சிஸ்டர் கட்டுரை அந்த ஏழில் ஒன்று. அமெரிக்க இயற்பியல் கழகம் 2002 நவம்பரில் தன் நடத்தை நெறிகளைத் திருத்தி, இணை ஆசிரியரின் பொறுப்பையும் தரவைக் காப்பதையும் அதில் சேர்த்தது. கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் 2004இல் முனைவர் பட்டத்தைப் பறித்தது. பட்டத்துக்கான ஆய்வில் குற்றம் காணப்படாத நிலையில் பிற்கால நடத்தைக்காகப் பறிக்கலாமா என்ற வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, பல்கலைக்கழகத்தின் முடிவே நிலைத்தது.

மெய்யான அடுக்கு: 2004, 2007, 2008

பொய் அம்பலமானபின் "மூலக்கூறு அடுக்கு" என்ற சொல்லுக்கே ஒரு கறை ஒட்டிக்கொண்டது. அந்தச் சூழலில்தான் அடக்கமான கனவு நிறைவேறியது.

2004இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் இன்பினியான் நிறுவனத்தின் குழு ஒன்று, 2.5 நானோமீட்டர் தடிமனுள்ள ஒற்றை மூலக்கூறு அடுக்கை மின்காப்பாக வைத்துப் பென்டசீன் டிரான்சிஸ்டர் செய்ததை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. 18 கார்பன் நீளமுள்ள சங்கிலி. கீழ்முனை சிலிக்கானைப் பற்றும். மேல்முனையில் ஒரு வளைய வடிவக் கூறு. பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளின் வளையங்கள் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொள்வதால் கசிவுக்கு ஓட்டை கிடைப்பதில்லை. மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்கும் கீழே வந்தது.

2007இல் ஸ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் திண்மநிலை ஆய்வு நிறுவனத்திலிருந்து அடுத்த படி. கண்ணாடி மீது அலுமினியக் கேட் படியவைத்து, அதன் பரப்பை ஆக்சிஜன் பிளாஸ்மாவால் மெல்ல ஆக்சைடாக்கி, நீண்ட சங்கிலி கொண்ட பாஸ்போனிக் அமிலக் கரைசலில் அறை வெப்பநிலையிலேயே மூழ்கவைத்தார்கள். ஆக்சைடும் மூலக்கூறு அடுக்கும் சேர்ந்து 6 நானோமீட்டருக்கும் குறைவு. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.7 மைக்ரோஃபாரட் மின்தேக்குத்திறன் கிடைத்தது. 100 நானோமீட்டர் சிலிக்கான் ஆக்சைடில் கிடைப்பதைப்போல ஏறத்தாழ 20 மடங்கு. 20 வோல்ட் ஏன் ஒன்றிரண்டு வோல்ட்டாகச் சுருங்கியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். கணக்கு கண்முன் நிற்கிறது.

மின்சக்தியைக் குறைத்ததில் சுற்றின் அமைப்புக்கும் பங்குண்டு. பி-வகைக்கு (நேர்மின்னூட்டம் கடத்துவது) பென்டசீனையும் என்-வகைக்கு (எலக்ட்ரான் கடத்துவது) புளோரின் ஏற்றிய தாமிர தாலோசயனைனையும் வைத்து ஜோடி சேர்த்தார்கள். எந்த நிலையிலும் ஜோடியில் ஒன்று அடைபட்டிருப்பதால், சும்மா இருக்கும்போது மின்னோட்டம் வீணாவதில்லை. 1.5 முதல் 3 வோல்ட்டில் இயங்கிய இந்தச் சுற்றுகளில் ஒரு தர்க்க வாயிலின் ஓய்வுநிலைச் செலவு ஒரு நானோவாட்டுக்கும் குறைவு.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அதன் குறை. பென்டசீனில் மின்னூட்டங்களின் நகர்திறன் (மின்புலத்தில் அவை எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதன் அளவு) 0.6 என்றால், மற்றதில் 0.02. ஜோடியில் ஒரு மாடு ஓடுகிறது, மற்றது நடக்கிறது. சுற்றின் வேகத்தை நொண்டுகிற பாதிதான் முடிவு செய்கிறது. ஆசிரியர்கள் அதை மறைக்காமல் எண்ணாகவே வைத்தார்கள். பொய்யான தரவில் இப்படிப்பட்ட இழுபறி எதுவும் இருக்கவில்லை. பி-வகை, என்-வகை, லேசர், மீக்கடத்தி எல்லாம் கேட்டபடி கைக்கு வந்தன.

2008இல் பெரிய கனவும் வேறொரு வடிவில் கைகூடியது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தோடு சேர்ந்து இயங்கிய குழு ஒன்று, குறைகடத்தியே ஒற்றை மூலக்கூறு அடுக்காக இருக்கும் டிரான்சிஸ்டர்களைச் செய்து, அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை இணைத்து 15 பிட் குறியீட்டை உருவாக்கும் சுற்றைக் காட்டியது. இங்கே மின்னோட்டம் மூலக்கூறின் அடியிலிருந்து நுனிக்கு ஏறுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் மூலக்கூறுகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பக்கவாட்டில் தாவி, மைக்ரோமீட்டர் கணக்கில் பயணம் செய்கிறது. கேட் அடுக்குக்கு நேர் கீழே விரிந்திருப்பதால் அதை மறைக்கும் உலோகச் சுவர் இல்லை. 2001இன் கட்டுரை எந்த விதியை மீறியதோ அந்த விதிக்கு இந்தச் சாதனம் கட்டுப்பட்டு நடந்தது.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் "அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்" என்று சொல்லி ஆறுதல் அடைவதுண்டு. அந்த ஆறுதலை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. புனைவு 1998 முதல் 2001 வரை நீண்டது என்று குழு கண்டது. திருத்தியது, வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை கொண்ட சிலரும், தகவலை வெளியே கொண்டுபோகும் துணிவு கொண்ட சிலரும். அவர்கள் அசந்திருந்தால் இன்னும் இரண்டு ஆண்டு ஓடியிருக்கும்.

மாற்றம் வேண்டிய முதல் இடம், மூலக்கூறு செய்து கொடுக்கும் வேதியியலாளரின் நாற்காலி. கொடுத்த பொருள் என்ன ஆயிற்று என்று கேட்பது அவருடைய உரிமை. அடுக்கு சரியாக அமைந்ததா என்பதற்கு எளிய சோதனை உண்டு: ஒரு துளி நீர். மெத்தில் முனை கொண்ட நல்ல அடுக்கின் மீது நீர்த்துளி பரவாமல் உருண்டு நிற்கும். பரப்போடு அது செய்யும் கோணம் 110 டிகிரியை ஒட்டி வரும். மின்னளவீட்டில் இறங்குவதற்கு முன்பே இருவரும் சேர்ந்து பார்க்கக்கூடிய சான்று இது. சேர்ந்து பார்ப்பது என்ற அந்தச் செயலே போதிய காவல்.

அடுத்தது மூத்த ஆய்வாளர். அவர் எழுத்தைத் திருத்தினார், உரைகளில் விளக்கினார், முடிவுகளுக்கு உலக மேடை கொடுத்தார். அளக்கும் மேசைக்கு ஒரு பிற்பகல் போயிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நம்பிக்கைக்கு விரோதம் என்று அதை எண்ண வேண்டியதில்லை. நல்ல முடிவு கிடைத்த அன்று மாணவரோடு போய் அந்த வளைவு திரையில் எழுவதைப் பார்ப்பது ஒரு வழிகாட்டிக்குக் கிடைக்கும் பெரிய மகிழ்ச்சி அல்லவா?

இதழ்கள் சிறந்த சாதனத்தின் வளைவை மட்டும் கேட்காமல், செய்தவை எத்தனை, பிழைத்தவை எத்தனை என்று கேட்க வேண்டும். இந்தத் துறையில் அந்த ஓர் எண் புனைவதற்கு மிகவும் கடினமானது. ஏனென்றால் பிழைக்காதவற்றையும் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

மிஞ்சிய சாதனம் ஒன்றும் இல்லை என்ற நிலை இனி வரக் கூடாது. காற்றிலும் ஈரத்திலும் பென்டசீன் நாளாக ஆகக் கெடும் என்பது உண்மை. கெட்டாலும் அது சாட்சி. மின்முனையின் அகலத்தையும் அடுக்கின் இருப்பையும் பத்தாண்டு கழித்துக்கூட அதில் அளக்கலாம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு தகட்டை அளக்காமல் உறையிலிட்டு, தேதியையும் கரைசலின் பெயரையும் எழுதி, செய்தவரின் அலமாரியில் வைக்காமல் வேறொருவர் அலமாரியில் வைப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.